நாற்காலிக்கு எத்தனை கால்?

வீட்டுச் சொற்களின் கதை – 9

நவி மும்பையின் கோபர்கைரனேயில் சிட்கோ நிறுவனம் கட்டிய வீடுகளிலும், பிறகு எழுந்த அடுக்ககங்களிலும், ஒரே மாடியில் நாலைந்து மொழிகள் குடியிருப்பது வழக்கம். உட்காரும் ஒரு பொருளுக்கு அந்த மாடியில் எத்தனை பெயர் என்று பார்த்தாலே போதும், ஒரு கண்டத்தின் வரலாறு தெரியத் தொடங்கும். மராத்திக்காரர் வீட்டில் அது குர்ச்சி. குஜராத்தி வீட்டில் குர்ஷி, இந்தி வீட்டில் குர்ஸி. மலையாளி வீட்டில் கசேர. தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ தாணேக் கழிமுகத்தைக் கடந்து குடிவந்த தமிழர் வீட்டில் நாற்காலி. அந்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்தார் விருந்தாளியாக வந்தால் கதிரை. ரயிலில் அடுத்த நிலையமான துர்பேயில் 2020 டிசம்பரில் சுவீடன் நாட்டு ஐகியா நிறுவனம் தன் பெரிய கடையைத் திறந்தது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப்பெயர் உண்டு. புத்தக அலமாரிக்குப் பில்லி, வளைந்த மரச்சட்டத்தில் சாய்ந்து உட்காரும் இருக்கைக்குப் போயெங். உலகம் முழுக்க அந்தந்தப் பொருளுக்கு அதே பெயர்தான்.

இத்தனை பெயர்களுக்கு நடுவில் ஒரு தமிழ்க் குடும்பம் எந்தச் சொல்லைத் தன்னுடையதாகக் கொள்வது? வழக்கமாக இதற்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. தமிழ் வேரிலிருந்து பிறந்த சொல் மட்டுமே நம்முடையது, மற்றவை இரவல் என்பது ஒன்று. மக்கள் எதைச் சொல்கிறார்களோ அதுவே மொழி, வேரைத் தோண்டுவது வீண் வேலை என்பது மற்றொன்று. இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது என் துணிபு. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, அது நம் மொழிக்குள் வந்தபின் என்ன வேலை செய்கிறது என்பதே அதன் உரிமையைத் தீர்மானிக்கிறது. அந்த வேலையைக் கண்டறிய நல்ல உரைகல் கூட்டுச்சொல். கூட்டுச்சொற்களைக் கட்டுவதில் பேர்பெற்ற ஜெர்மன் மொழியின் ஒரு மரச்சாமான் பெயரிலிருந்து இதைத் தொடங்குவது பொருத்தம்.

எழுத உட்காரும் மேசைக்கு ஜெர்மன் மொழியில் ஷ்ரைப்டிஷ் என்று பெயர். ஷ்ரைப் என்றால் எழுது, டிஷ் என்றால் மேசை. வினையின் வேரோடு காலம் காட்டும் எந்த உறுப்பும் சேராமல் நேரே பெயர்ச்சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ் இலக்கணம் இதை வினைத்தொகை என்னும். ஊறுகாய், சுடுசோறு, எழுதுகோல் போல எழுதுமேசை. இரண்டு மொழிகளின் கட்டுமானமும் இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. ஜெர்மானியர் எவரும் ஷ்ரைப்டிஷ் தம் மொழிச் சொல்லா என்று ஐயப்படுவதில்லை. ஆனால் அதன் இரண்டு பகுதிகளுமே வெளியிலிருந்து வந்தவை. எழுதுதலைக் குறிக்கும் ஷ்ரைபன் என்ற வினை, லத்தீனின் ஸ்கிரீபெரே என்பதிலிருந்து வந்தது. ரோமரிடமிருந்து எழுத்துக்கலை வந்தபோது அதன் வினைச்சொல்லும் கூடவே வந்தது. டிஷ் என்பது லத்தீனின் டிஸ்குஸ்; அதற்கும் முன்னே கிரேக்கத்தின் டிஸ்கோஸ், விளையாட்டில் வீசும் வட்டு. வட்டு உணவு வைக்கும் தட்டாகி, தட்டு உணவு வைக்கும் பலகையாகி, ஜெர்மன் மொழியில் மேசையாக நின்றது. ஆங்கிலத்தில் தட்டைக் குறிக்கும் டிஷ், மேசையைக் குறிக்கும் டெஸ்க், வட்டைக் குறிக்கும் டிஸ்க் மூன்றும் இதே சொல்லின் வெவ்வேறு வடிவங்கள். இரண்டு கடன் சொற்களை எடுத்து, தன் இலக்கண விதிப்படி பிணைத்து, லத்தீனில் இல்லாத ஒரு புதுச்சொல்லை ஜெர்மன் படைத்தது. அதே டிஷ்ஷைக் கொண்டு சாப்பாட்டு மேசைக்கு எஸ்டிஷ் என்றும், படுக்கையருகே வைக்கும் சிறுமேசைக்கு நாஹ்ட்டிஷ் என்றும் கட்டிக்கொண்டது. கடன் வாங்கிய சரக்கில் சொந்த வீடு கட்டிய கதை இது.

இப்போது நம் நாற்காலிக்கு வருவோம். நால் என்ற எண்ணடை, கால் என்ற பெயர், இறுதியில் இ என்ற விகுதி; லகரம் வல்லினத்துக்கு முன் றகரமாகிறது. நான்கு கால்களை உடையது என்பது பொருள். சொல்லில் இருப்பவை எண்ணும் உறுப்பும்தான். உட்காருவது பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை. பொருளைச் சொல்லாமல் அதன் உறுப்பைச் சொல்லிப் பொருளை உணர்த்தும் இந்த முறை, தமிழ் இலக்கணத்தின் அன்மொழித்தொகைக்கு நெருங்கிய உறவு. வடமொழி இலக்கணம் இதைப் பகுவிரீகி என்றது. இன்று ஜெர்மன் மொழியியலாளர்களும் தங்கள் கூட்டுச்சொற்களை வகைப்படுத்தும்போது அந்தப் பெயரையே கையாள்கிறார்கள். தமிழில் காலி என்று முடியும் சொற்களுக்கு ஒரு குடும்பமே உண்டு. மூன்று கால் உள்ளது முக்காலி. சாமான் ஏற்றி வைப்பதற்கு ஒரு கோக்காலி. பறவைகளிலும் இந்தக் குடும்பம் உண்டு: குளிர்காலத்தில் தாணேக் கழிமுகச் சேற்றில் இரைதேடும் சிவந்த காலுடைய பறவைக்குப் பவளக்காலி என்று பெயர், வயல்வெளிகளில் ஓடித் திரியும் சிறு பறவைக்கு நெட்டைக்காலி. ஆகவே நாற்காலி என்பது எவரோ ஒரு புலவர் தனியே உட்கார்ந்து செய்த சொல்லன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஓர் அச்சில் வார்க்கப்பட்டது. தமிழர் வீடுகளில் பெரும்பாலோர் தரையிலும் பாயிலும் மணையிலும் திண்ணையிலும் உட்கார்ந்த காலத்தில், உயர்ந்த இருக்கையாக முக்காலி புழங்கியது. முதுகுச்சட்டத்தோடு வந்த இருக்கைக்கு முக்காலியின் பக்கத்திலேயே ஓர் இடம் தயாராக இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மேசைக்கும் நான்கு கால், கட்டிலுக்கும் நான்கு கால், பசுவுக்கும் நான்கு கால். உட்காரும் பொருளுக்கு மட்டும் நாற்காலி என்று பெயர் வைத்தது குறையுள்ள பெயரிடல் அல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இந்தக் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தில் மேசைக்கு டிரபேசா என்று பெயர். அதன் பொருள் நான்கு கால் என்பதே. பணம் மாற்றுவோர் உட்கார்ந்த மேசையின் வழியாக இன்று அச்சொல் கிரேக்கத்தில் வங்கியைக் குறிக்கிறது. சிறு மேசையைக் குறித்த அதன் குறுவடிவம்தான் பள்ளிக் கணிதத்தில் டிரபீசியம் என்று வருகிறது. இந்தியின் சார்பாய், சொல்லமைப்பில் நம் நாற்காலியின் நேர் இரட்டை. சார் என்றால் நான்கு, பாய் என்றால் கால். ஆனால் அது கயிற்றுக் கட்டிலைக் குறிக்கிறது. கோபர்கைரனேயின் மராத்தி வீடுகளில் சத்தியநாராயண பூசைக்கு எடுத்து வைக்கும் குட்டையான நாற்சதுர மேடைக்குச் சௌரங் என்று பெயர். அதிலும் நான்கு உறுப்பு என்ற கணக்கே ஒளிந்திருக்கிறது. கிரேக்கருக்கு மேசை, இந்திக்காரருக்குக் கட்டில், மராத்தியருக்குப் பூசைப் பலகை, தமிழருக்கு இருக்கை. நான்கு கால் என்ற ஒரே கருத்து நான்கு பொருள்களுக்குப் பெயராகியிருக்கிறது. இதிலிருந்து ஒரு விதி தெளிவாகிறது. கூட்டுச்சொல் ஒரு பொருளை முழுமையாக வரையறுக்க வருவதில்லை. அந்தந்த வீட்டில் பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவே வருகிறது. தமிழ் வீட்டில் பக்கத்திலிருந்தது முக்காலி. எனவே நான்கு என்ற எண்ணே போதுமான அடையாளம். பெயர் முழுமையாக இல்லாதது குறையில்லை. பெயரிட்டவர்கள் எதையெதை அருகருகே வைத்துப் பார்த்தார்கள் என்பதை அது நமக்குச் சொல்கிறது.

வரையறை அன்று, பிரித்துக் காட்டும் குறியே என்பதற்கு இன்னொரு வலுவான சான்று, பொருள் மாறியபின்னும் பெயர் நிலைத்திருப்பது. ஐரோலியிலும் மஹாப்பேயிலும் உள்ள கணினி அலுவலகங்களில் நம் பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்கு நடுவில் ஒரே தண்டு, அடியில் ஐந்து சக்கரங்கள். அதையும் சுழல்நாற்காலி என்றே சொல்கிறோம். கால்களை எண்ணிப் பார்த்து எவரும் தடுமாறுவதில்லை. நம் அடுக்களையில் உள்ள அஞ்சறைப் பெட்டியில் இன்று ஏழு கிண்ணங்கள் இருக்கின்றன. வரவேற்பறையின் டீப்பாய், மூன்று கால் என்னும் பொருளுள்ள இந்துஸ்தானிச் சொல்லான திபாயிலிருந்து ஆங்கிலம் போய்த் திரும்பி வந்தது. வழியில் தேநீரோடு உறவு கற்பிக்கப்பட்டு எழுத்து மாறியது; இன்று அதற்கு நான்கு கால்கள். ஆங்கிலத்தின் கப்போர்டு, முதலில் கோப்பைகளை அடுக்கிக் காட்டும் பலகையாக இருந்தது. பிறகே கதவு போட்ட பெட்டகமானது. ஜெர்மன் மொழியிலோ மின்தூக்கிக்கே ஃபார்ஷ்டூல் என்று பெயர், பயண நாற்காலி என்று அர்த்தம்; நின்றுகொண்டு போகும் பெட்டிக்கும் அதுவே பெயர். பழைய ஜெர்மானிய மொழிகளில் மடக்கும் இருக்கைக்கு ஃபால்ட்ஸ்டுவோல் என்ற கூட்டுச்சொல் இருந்தது. அதே குடும்பத்துச் சொல் பிரெஞ்சுக்குப் போய் ஃபோத்தெய் ஆயிற்று. இன்று அது மடக்கவே முடியாத கனத்த கைநாற்காலியைக் குறிக்கிறது. இந்தச் சொற்கள் எல்லாம் பிழையாகிவிட்டனவா? இல்லை. பெயர் தன் முதல் வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறது. புதிய பொருள்களைத் தாங்கும் அடிச்சொல்லாக அது மாறியிருக்கிறது. சாய்வு நாற்காலி, மடக்கு நாற்காலி, சக்கர நாற்காலி என்று நாம் அடுக்கும்போது நாற்காலி என்பது கால் கணக்கை விட்டு, உட்காரும் சாதனம் என்ற பொதுப்பெயராக உயர்ந்துவிட்டது. ஜெர்மானியர் தங்கள் ஷ்டூல் என்ற சொல்லைக் கொண்டு ரோல்ஷ்டூல் என்றும் கிளாப்ஷ்டூல் என்றும் கட்டுவதும் இதே செயல்.

இப்போது கதிரையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வளர்ந்த வாசகர் பலருக்கு இது அயலாக ஒலிக்கும். ஈழத்தில் இதுவே வீட்டுச் சொல். போர்த்துகீசிய மொழியின் கதேய்ரா இதன் மூலம். மலையாளத்தின் கசேரவுக்கும் அதுவே தாய். போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றி 1658 வரை ஆண்டார்கள். கதேய்ரா என்பதோ லத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல். அதைப் பிரித்தால் கீழே என்ற முன்னொட்டும் இருக்கை என்ற பெயரும் கிடைக்கும். ஆக, கதிரையும் தன் பிறந்த வீட்டில் ஒரு கூட்டுச்சொல்தான். ஆங்கிலத்தின் சேர், பிரெஞ்சு வழியாக வந்த அதே கிரேக்கச் சொல். கதிரையைத் தள்ளிவிட்டுச் சேரில் உட்காருகிற நாம், அதே சொல்லின் இன்னொரு வடிவத்தில்தான் உட்காருகிறோம். குர்ச்சியின் வழி வேறு: அரபியின் குர்ஸியிலிருந்து பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்தது, அதன் மூதாதை பழைய மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் இருக்கிறது. ஆனால் கதிரையின் பிறப்பை அறிவதோடு ஈழத்தமிழர் நின்றுவிடவில்லை. சாய்ந்து படுக்க வாகான இருக்கைக்குச் சாய்மனைக் கதிரை என்றார்கள். போர்த்துகீசியச் சொல்லோடு தமிழ் வினையைப் பிணைத்து, ஐரோப்பாவில் எங்குமே இல்லாத ஒரு சொல்லை உருவாக்கினார்கள். டச்சுக்காரரிடமிருந்து மேசை இழுப்பறைக்கு லாச்சி என்ற சொல்லை எடுத்து, மேசை லாச்சி என்று போர்த்துகீசியத்தையும் டச்சையும் தமிழ் முறையில் ஒன்றாகக் கோத்தார்கள். ஷ்ரைப்டிஷ் ஜெர்மன் என்றால், சாய்மனைக் கதிரை தமிழே. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

மேசை பற்றி ஒரு வாதம் அவ்வப்போது எழுவதுண்டு. மிசை என்ற பழந்தமிழ்ச் சொல் மேல் என்று பொருள்படும். அதுவே மேசை ஆயிற்று, இது போர்த்துகீசியமன்று என்பார்கள். ஒலியும் பொருளும் ஓரளவு பொருந்துவதால் இதை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக்கூடாது. ஆனால் ஒரு சொல்லின் வழியைக் கண்டறிய, அது யாரோடு சேர்ந்து பயணம் செய்தது என்று பார்க்கவேண்டும். தமிழில் மேசையோடு கூட அலமாரி, ஜன்னல், சாவி, மேஸ்திரி ஆகியவை நிற்கின்றன. எல்லாம் போர்த்துகீசிய வீட்டிலிருந்தும் தச்சுப் பட்டறையிலிருந்தும் வந்தவை. மலாய் மொழியில் மேஜா, அல்மாரி, ஜென்டேலா என்று அதே கூட்டம். ஆப்பிரிக்கக் கரையில் சுவாஹிலியில் மேசைக்கு மேஸா. போர்த்துகீசியக் கப்பல் தொட்ட கரைகளிலெல்லாம் இந்தச் சொற்கள் ஒன்றாகவே இறங்கியிருக்கின்றன. நம் கழிமுகத்துக்கு அக்கரையிலும் அதுவே நடந்தது. வசாய் 1534 முதல் 1739 வரை போர்த்துகீசியர் கையில் இருந்தது. மராத்தியின் சாவி, படாடா (உருளைக்கிழங்கு), பாவ் (ரொட்டி), மும்பைத் தமிழரும் வாய்நிறையச் சொல்லும் பகார் (சம்பளம்) எல்லாம் அந்தக் காலத்தின் தடங்கள். மேசையைத் தனியே பிரித்து மிசையோடு கட்டினால் மற்ற தோழர்களுக்கு விளக்கம் இல்லாமல் போகும். எனவே மேசை கடன் சொல்லே. அதை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு எந்தத் தாழ்வும் வந்துவிடாது. எழுதுமேசை, சாப்பாட்டு மேசை, மேசைப்பந்து, மேசைவிரிப்பு என்று நான்கு நூற்றாண்டுகளாக அது நமக்கு உழைத்திருக்கிறது.

கடன் சொற்களை அப்புறப்படுத்தித் தனித்தமிழ்ச் சொற்களை வைத்தால் என்ன என்பது அடுத்த மறுப்பு. தனித்தமிழ் இயக்கத்தின் உழைப்பை நான் மதிக்கிறேன். அலுவலகத்திலும் மேடையிலும் பாடநூலிலும் தமிழ் இன்று பெற்றிருக்கும் தெளிவில் அதற்குப் பெரும் பங்குண்டு. நாற்காலி போன்ற அச்சில் புதுச்சொற்கள் வரும்போது மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டும். ஆனால் வேரூன்றி, கிளைவிட்டு, கூட்டுச்சொற்களைப் பெற்றுவிட்ட அலமாரியைப் பிடுங்கி எறிந்தால், அதோடு புத்தக அலமாரியும் சுவரலமாரியும் போகும். மக்கள் அந்த வெற்றிடத்தில் தனித்தமிழை வைப்பதில்லை, ஷெல்ஃப் என்பதையும் வார்ட்ரோப் என்பதையும் வைப்பதையே காண்கிறோம். மேலும் மொழிகளுக்கிடையே கொடுக்கல் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. கட்டில் என்ற நம் பழஞ்சொல், கட்டு என்ற வினையிலிருந்து பிறந்தது. சங்க காலத்தில் அது அரசரின் இருக்கைக்கும் பெயர். முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் துயின்றுவிட்ட மோசிகீரனாருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. வடமொழியின் கட்வா இந்தத் திராவிடச் சொல்லிலிருந்து சென்றது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அதிலிருந்து இந்தியின் காட், அதிலிருந்து ஆங்கிலத்தின் காட். மரச்சாமான் கடையில் டபுள் காட் என்று நாம் கேட்பது, வெளியூர் போய் வந்த நம் கட்டிலைத்தான்.

பீரோவின் கதையும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. பிரெஞ்சில் புரோ என்பது முதலில் முரட்டுக் கம்பளித் துணியைச் சார்ந்த சொல். அந்தத் துணியை விரித்த எழுதுமேசைக்கு அது பெயராயிற்று. பிறகு அந்த மேசை இருந்த அலுவலகத்துக்கு. ஆங்கிலத்தில் இழுப்பறை வைத்த மேசையையும் பெட்டகத்தையும் குறித்தது. தென்னிந்தியாவில் அது இரும்பு அலமாரியின் பெயராக உறுதிப்பட்டது. தெலுங்கில் பீருவா, கன்னடத்தில் பீரு. அந்த இரும்பு அலமாரியின் வரலாற்றில் நம் மும்பைக்கும் இடமுண்டு. 1897இல் பூட்டுச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரி செய்தது. பின்னர் அதன் பெருந்தொழிற்சாலை வளாகம் விக்ரோலியில், கோபர்கைரனேக்கு நேர் எதிர்க்கரையில் எழுந்தது. மராத்தியர் அதைக் கதவின் பெயரால் கபாட் என்றார்கள். தமிழ்நாட்டில் அது கோத்ரெஜ் பீரோ ஆகி, கல்யாணச் சீர்வரிசையில் ஓர் அங்கமாகி, இரும்பு பீரோ, கண்ணாடி பீரோ, பீரோ சாவி என்று பெருகியது. பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் பீரோவுக்குள் பட்டுப்புடவை இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அந்த அளவுக்கு அது தமிழாகிவிட்டது.

அப்படியானால் இழப்பு என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அது வேறோர் இடத்தில் இருக்கிறது. கடன் சொல் ஒற்றையாக வரும்வரை மொழிக்கு ஆபத்தில்லை; அதோடு எதைச் சேர்ப்பது என்பதை நாம் முடிவு செய்கிறோம். இன்று வருபவை ஒற்றைச் சொற்கள் அல்ல. டைனிங் டேபிள், ஸ்டடி டேபிள், பெட்சைடு டேபிள், ரிவால்விங் சேர், வீல்சேர், ஷூ ராக் என்று கூட்டுச்சொற்களே முழுதாகக் கட்டப்பட்டு வந்து இறங்குகின்றன. இவற்றில் தமிழ் செய்வதற்கு எந்த வேலையும் மிச்சமில்லை. ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபை ஒட்டுவதோடு அதன் பங்கு முடிகிறது. மேசையை நாம் கடன் வாங்கியபோது எழுதுமேசையை நாமே கட்டினோம். டேபிளைக் கடன் வாங்கும்போது ஸ்டடி டேபிளையும் சேர்த்தே வாங்குகிறோம். இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். ஜெர்மன் மொழியும் ஆங்கிலத்திலிருந்து கௌச் என்ற சொல்லை எடுத்திருக்கிறது. ஆனால் அதன் முன்னே போடும் சிறுமேசைக்குக் கௌச்டிஷ் என்று தானே கட்டிக்கொண்டது. குளிர்பதனப் பெட்டி வந்தபோது, தன்னிடமிருந்த அலமாரிச் சொல்லோடு குளிர்ச்சியைச் சேர்த்துக் க்யூல்ஷ்ராங்க் என்றது. தமிழும் பெட்டி என்ற சொல்லைக் கொண்டு இதைச் செய்த மொழிதான். தீப்பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் அப்படி வந்தவையே. அந்தக் கை இன்னும் நம்மிடம் இருக்கிறது, பழக்கம்தான் குறைந்துவருகிறது.

தமிழ்க் கூட்டுச்சொற்கள் நீளமானவை, பேச்சுக்கு ஒத்துவராதவை என்று சிலர் சொல்வார்கள். சாப்பாட்டு மேசையையும் டைனிங் டேபிளையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அசைக்கணக்கில் ஒன்றே ஒன்றுதான் கூடுதல். மடக்கு நாற்காலி, ஃபோல்டிங் சேரைவிடக் கடினமானதன்று. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கடைக்காரர் ஆங்கிலத்தில் சொல்கிறார், விலைச்சீட்டில் ஆங்கிலம் இருக்கிறது, பிள்ளைகள் ஆங்கிலவழியில் படிக்கிறார்கள். வீட்டில் மட்டும் வேறு சொல் எப்படி நிலைக்கும் என்பது அது. இதற்குப் பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. நவி மும்பைக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கே போகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கிடைக்கும் ஒரே இடம் வீடு. வீட்டில் அவர்கள் அன்றாடம் கைவைத்துத் தொடும் பொருள்கள் இந்த மேசையும் நாற்காலியும் கட்டிலும் அலமாரியும்தான். எழுதுமேசை என்று கேட்டு வளரும் குழந்தைக்கு ஒரு பொருளின் பெயர் மட்டும் கிடைப்பதில்லை. வினையைப் பெயரோடு சேர்த்துப் புதுச்சொல் செய்யலாம் என்ற விதியும் சேர்ந்தே கிடைக்கிறது. நாளை அதற்கு முன்னால் பெயரில்லாத ஒரு பொருள் வரும்போது, அந்த விதிதான் கைகொடுக்கும். பெயர்ப்பட்டியலை எந்த வயதிலும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். சொல் கட்டும் பழக்கம் சிறுவயதில் காதில் விழுந்தால் ஒழியப் படிவது அரிது.

எனவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. நாற்காலியா கதிரையா என்று சண்டை வேண்டாம். இரண்டும் தமிழ், இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மேசை, அலமாரி, பீரோ ஆகியவற்றை இரவல் என்று கூசி ஒதுக்கவேண்டாம். ஆனால் கடையிலிருந்து ஒரு பொருள் வீட்டுக்குள் வரும்போது, அதோடு வரும் இரட்டை ஆங்கிலப் பெயரை வாசலிலேயே நிறுத்தி, இதை நாம் எப்படிச் சொல்லலாம் என்று வீட்டில் எல்லோருமாக ஒரு நிமிடம் யோசியுங்கள். காலணி அடுக்கு, படிப்பு மேசை, சாய்வுக் கட்டில் என்று எதுவாகவும் இருக்கட்டும். கட்டிய சொல்லை அன்றாடம் புழங்குங்கள். உங்கள் வீட்டில், உங்கள் ஊர்ப்பக்கத்தில் ஏற்கெனவே இப்படிப் புழங்கும் மரச்சாமான் பெயர்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து இந்தத் தொடரிலேயே வெளியிடுவோம்.

(தொடரும்)